புகைக்கு ஒரு நிறுவை

ஊவா மாகாணத்திலேயே புகையைத் தராசில் போட்டு நிறுத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் புஸ்வாணம் அண்ணன்தான். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலை பெக்டரியில் கரண்ட் வேலை. அது சம்பளத்துக்கு. பிறவி எடுத்ததோ ரொக்கெட் விட. அவர் செய்ததெல்லாம் புஸ்ஸென்று சீறிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்ததால் அந்தப் பெயர்.

ஒரு தடவை ஒன்று மட்டும் சாய்ந்து ஓடி, கொடியில் காய்ந்த அண்ணியின் சேலையைப் பொசுக்கிவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு வந்த அண்ணி கொதித்துப்போனார்.

"இந்தா பாருங்க, இது எம்புட்டு தள்ளுதுன்னு நிறுத்துக் காட்டுங்க. அஞ்சு கிலோ தள்ளலைன்னா அம்புட்டையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருவேன். அப்புறம் ரொக்கெட்டுப் பேச்சே இருக்கக்கூடாது!"

ரொக்கெட்டின் பாரமே நாலு கிலோவுக்கு மேல். அதைவிடக் கூடத் தள்ளினால்தானே தரையை விட்டுக் கிளம்பும்? நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் தள்ளுவதை எப்படி நிறுப்பது? அடுத்த வீட்டுக்காரன் எனக்குத் தலை வெடித்தது. அண்ணனிடமே கேட்டேன்.

"தலகீழா வச்சா நெருப்பு மேல போகும், ரொக்கெட்டு தராச கீழ அமுக்கும். அந்த அமுக்குதான் தள்ளு. வெளங்குச்சா?"

விளங்கிய மாதிரித் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கும் மேடைத் தராசு மடுவக் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. நிறுக்கிற கங்காணியும் கூடவே வந்தார். வேறு ஆளைத் தொடவிடமாட்டார். ரொக்கெட்டைத் தலைகீழாகக் கட்டி, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினார்கள். லயத்து வீட்டுச் சனமே எட்டி நின்று பார்த்தது. அண்ணன் தூரத்திலிருந்து சுவிச்சைத் தட்டினார். அடேயப்பா, என்ன சீற்றம்!

கங்காணி கழுத்தை நீட்டி முள்ளைப் பார்த்து, தினமும் கத்துகிற அதே ராகத்தில் கத்தினார்.

"ஆறு கிலோ! சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கழிச்சு, நாலு!"

அண்ணன் முகம் செத்துவிட்டது. சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார். அண்ணிதான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். எத்தனை வருடமாகக் கூடையில் கழிபட்ட வயிற்றெரிச்சலோ!

"ஏங்க கங்காணி, நெருப்புல ஏதுங்க தண்ணி? சாக்கு எங்கங்க இருக்கு? கொழுந்துலதான் வெட்டுறீங்க, எங்க வூட்டுக்காரரு ரொக்கெட்டுலயுமா? ஆறுன்னு சொல்லுங்க!"

"ஆறுன்னு சொல்லுங்க!" என்று பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி தாயி, ஆறு," என்றார் கங்காணி.

அடுத்த ஞாயிறு ரொக்கெட் கிளம்பியே விட்டது! மூடுபனிக்குள் புகுந்து மறைந்தது. எங்கே விழுந்தது என்று யாரோ கேட்க, அண்ணி முறைத்தார்.

"போனத எல்லாரும் பாத்தீங்க. வுழுந்தத யாராச்சும் பாத்தீங்களா?"

இன்றைக்கும் அண்ணி அப்படித்தான் சொல்கிறார். அண்ணன் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். என் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த குழாயைப் பற்றி நான் மூச்சுவிட்டதே இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.