பங்கருக்குள் ஏறிய தாலி

ஓர் இசைக்குழுவின் வரலாற்றை எழுதவேண்டுமென்றால், அது குறைந்தது ஒரு பாட்டையாவது வாசித்து முடித்திருக்க வேண்டும். எங்கள் 'இடியேறு' குழுவுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். (தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் தட்டுப்பாடான சாமான்களில் வெட்கமும் ஒன்று.)

குழுவில் இரண்டே பேர். கிற்றார் நான், ட்ரம் என் கூட்டாளி நேசன். போர்க்காலப் புத்தூரில் அப்போது கரண்டும் இல்லை, ஹெவி மெற்றல் கேட்டவர்களும் இல்லை. அம்பிளிபயரின் திருகிகளையெல்லாம் கடைசிவரை முறுக்கிவிடுவது, இதுதான் எங்கள் இசைக்கொள்கை.

முதல் மேடை என் அக்காவின் கலியாணம். கெஞ்சிக் கூத்தாடி அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"ஒரு பாட்டு. அதுவும் பிள்ளையார் பாட்டு. முகூர்த்தம் தவறிச்சுதோ, உன்னைக் கிணத்துக்கை இறக்குவன்!"

"ஓம் அப்பா."

ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போலப் புனலை உயரமான தென்னையில் கட்டியிருந்தார். ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கியது. உடுப்பிட்டி மாப்பிள்ளை மணவறையில் இருந்தார். அக்காவையும் அழைத்து வந்து இருத்தினார்கள். முகூர்த்தம் முடியக் கால்மணி நேரம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு தந்தியை இழுத்தேன். (பெரிய கலைஞர்கள் கண்ணைத் திறப்பதில்லை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) தென்னை உச்சியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. சனம் "ஐயோ!" என்று கத்தியது. அடடா, என்ன ரசனை! இன்னும் இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது பந்தலில் நேசனைத் தவிர ஒருவரும் இல்லை.

வானத்தில் எது உறுமினாலும் எங்கள் சனத்துக்கு அது குண்டு போட வரும் பொம்பர்தான். பெண், மாப்பிள்ளை, ஐயர், அப்பா, மாப்பிள்ளையின் தாய் எல்லோரும் பின்வளவில் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள். மேளகாரர் உட்பட மிச்சப்பேர் வாழைகளுக்கிடையில் குப்புற.

ஓடிப்போய்ப் பங்கர் வாசலில் குனிந்தேன். "அப்பா, அது நான்தான்!"

"நீயெண்டு தெரியுதடா, உள்ளுக்கை வா!"

"பிளேன் இல்லையப்பா, என்ரை கிற்றார்!"

"கிற்றாரை விட்டிட்டு உயிரைப் பாரடா!"

அந்த நேரம் பார்த்து நேசன் தன் முறை வந்துவிட்டதென்று ட்ரம்மில் இறங்கினான். (அவனும் கண்ணை மூடியிருந்தான். பழக்கியவன் நான்.)

"குண்டு போடுறாங்கள்!" மாப்பிள்ளையின் தாய் அக்காவைக் கட்டிப்பிடித்தா.

என் குரல் அதற்குப் பிறகு எடுபடவில்லை. நேசனும் ஓயவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். தாலிவைத்த தேங்காயை மடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

"ரெண்டு நிமிஷந்தான் கிடக்கு. மாப்பிள்ளைத் தம்பி, இதுக்குள்ளையே தாலியைக் கட்டும்! கெட்டிமேளம்!"

மேளகாரர் வாழைக்கடியில் கிடந்தார்கள். கெட்டிமேளத்தை நேசன் வாசித்தான்.

உண்மை வெளிப்பட்டதும் நான் சைக்கிளில் நெல்லியடிக்குப் பறந்து, மூன்று நாள் சித்தி வீட்டில் ஒளித்திருந்தேன். குழு அன்றே கலைந்தது.

இன்றைக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் அக்கா என்னைத்தான் சாட்சிக்கு இழுப்பா. "இந்த மனுசன் என்னை விரும்பியே கட்டினது? பயத்திலை கட்டினவர்!"

அத்தான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கமாட்டார். "ஓமப்பா. அந்தப் பயம் இன்னும் தெளியேல்லை."