கப்பலேறாத கப்பல்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பது அதன் தாய்மொழி. அந்த ஒரு தடவைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துகொண்டே இருப்பார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறிக்கு ஓய்வாவது கிடைக்கும். இவர்கள் மாடாக உழைப்பார்கள். செக்குமாடாக.

இந்த இனத்துக்குப் பழுதில்லாத மாதிரி ஒருவர், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். சொகுசுக் கப்பலில் பாடப்போவதாக ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் அக்கம்பக்கத்தில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். எந்தக் கப்பலிலும் அவர் கால் வைத்ததில்லை. அந்த வீட்டில் இதுவரை கப்பலேறியது மானம் ஒன்றுதான் என்பது அவர் மனைவியின் கணக்கு.

குரலைக் குறை சொல்ல முடியாது. ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலை வேளைகளில் பாடிக்கொண்டிருந்தவர்தான். ஓட்டல் கைமாறியது. புது முதலாளி பாடகர் நின்ற இடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வைத்தார். அது சம்பளமும் கேட்காது, நடுவில் தண்ணீரும் கேட்காது. அதன் பிறகு, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காரும் மனைவியின் வேலைதான் அடுப்பை எரிய வைத்தது. அப்போது பழைய கூட்டாளியான டிரம்ஸ்காரர் கப்பலிலிருந்து போன் செய்தார். அவர்கள் குழுவில் பாடகர் இடம் காலி. ஆள் எடுக்கும் ஏஜென்ஸிக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும், அவ்வளவே.

"அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. நான் அனுப்பின வீடியோல பின்னாடி என் மாமியார் துணி மடிச்சிட்டிருந்தாங்க. அப்பவும் எடுத்துக்கிட்டாங்க."

"யாரை? உன்னையா, மாமியாரையா?" என்று கப்பல்காரர் சிரித்தார். மனசுக்குள் அந்தக் கப்பலின் தரம் ஒரு படி இறங்கியது.

ஏஜென்ஸியின் விதிகள் எளியவை. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். பாட்டுக்கு முன்னால் பெயர், உயரம், அன்றைய தேதி மூன்றையும் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் இவை விதிகள். அவருக்கோ வரங்கள்.

படுக்கையறை ஸ்டுடியோ ஆனது. கட்டில் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டது. படுக்கை விரிப்பு ஜன்னலுக்குப் போனது. சத்தம் போடும் மின்விசிறிக்கு வாய்ப்பூட்டு. இஸ்திரி போடும் மேசை மேல் தலையணைகள், தலையணைகள் மேல் போன், போனுக்குப் பின்னால், வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாத மனைவி. பெயரைச் சொல்லும்போது உயரம் மறந்தது, உயரத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது, தேதி சரியாக வந்தபோது மேல் வீட்டில் நாற்காலியை இழுத்தார்கள், நாற்காலி ஓய்ந்தபோது நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, எல்லாம் கூடி வந்து பாட்டு தேனாக ஒழுகி முடிந்தபோது இடது கை காலை வாரிவிட்டது.

"கை என்னங்க செஞ்சுது?"

"ஒண்ணுமே செய்யல. அதான் பிரச்சினை. சும்மா தொங்குது பாரு."

"தொங்காம, பறக்குமா?"

இருந்தாலும் தூங்கி எழுந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று கப்பல்காரர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். காலையில் மனைவி கேட்டாள்.

"அனுப்பிட்டீங்களா?"

"எப்படி அனுப்புறது? அதுல நேத்துத் தேதி சொல்லியிருக்கேன்."

"நேத்து எடுத்ததுக்கு வேற எந்தத் தேதியைச் சொல்லுவாங்க?"

"பழசைத் தள்ளிவிடுறான்னு நினைச்சுப்பாங்கம்மா. சாயந்திரம் புதுசா எடுத்துடலாம்."

கவனித்தீர்களா? சாயந்திரம் எடுப்பது, இரவு யோசிப்பது, விடிந்ததும் தேதி கெட்டுப்போவது. பால் கெடும், பழம் கெடும். பாட்டுக்கும் கெடு நாள் கண்டுபிடித்தவர் இவர். இன்னும் அனுப்பாத பாட்டை யாரால் நிராகரிக்க முடியும்? வீட்டுக்குள் இருக்கும்வரை அது உலகின் தலைசிறந்த பாட்டு. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இவ்வளவு லாபம் அடைந்தவர் வேறு எவரும் இல்லை.

நடுவில் ஒருநாள் மனைவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, கப்பலா கவிழ்ந்துபோச்சு?" என்றார்.

"கவிழணும்னா முதல்ல கிளம்பணுமே."

வெள்ளிக்கிழமை மாலை, அன்றைய படப்பிடிப்புக்காக அவர் குளியலறையில் வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது, அவள் போனை எடுத்தாள். முதன்முதல் நாள் எடுத்த வீடியோவைத் தேடி ஏஜென்ஸிக்கு அனுப்பினாள். கொப்பளிக்கும் சத்தம் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாளே பதில் வந்தது. பாட்டு பிடித்திருக்கிறது, திங்கட்கிழமை காலை வீடியோ அழைப்பில் நேராக ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம்.

"எதை அனுப்பின?"

"கை தொங்குதே, அதை."

"அதையா பிடிச்சிருக்குன்னாங்க?"

"ஆமாங்க."

அவர் வெகுநேரம் யோசித்தார். "அப்போ அவங்க காது எப்படிப்பட்ட காதுன்னு பார்த்துக்கோ."

திங்கட்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கதவோரம், போனுக்குத் தெரியாத இடத்தில் நின்றாள். திரையில் ஏஜென்ஸி அம்மாள் வந்து, "பாடுங்க சார்" என்றார். அவர் பாடினார். இரண்டு வரிதான். சமையலறையில் தினமும் கேட்ட குரல், இருந்தும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. முடிந்தது நம் கஷ்டம் என்றே நினைத்துவிட்டாள்.

அவர் நிறுத்தினார். "மன்னிக்கணும். மறுபடியும் முதல்ல இருந்து வரேன்."

வந்தார். நிறுத்தினார். மறுபடியும் வந்தார்.

"சார், நல்லாத்தான் இருக்கு. கப்பல்ல மறுபடியெல்லாம் கிடையாது. முழுசாப் பாடிடுங்க."

"ஒரு வாரம் டைம் குடுங்களேன். நல்லா ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடறேன்."

"கப்பல் புதன்கிழமை கிளம்புது சார்." அந்த அம்மாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "அப்போ அடுத்தவரைக் கூப்பிட்டுக்கறோம். நன்றி."

திரை இருண்டது. மனைவி ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். அவர் திரும்பியதும் அந்த முகத்தைப் பார்த்து அத்தனையும் மறந்துபோனாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பல் பிடுங்க வந்தவரிடம், இன்றைக்கு டாக்டர் லீவு என்று அவள் சொல்லும்போது மேசைக்கு எதிரே மலர்கிறதே, அதே முகம். சொத்தைப் பல் வாயில்தான் இருக்கும். வலியும் ராத்திரி வரத்தான் போகிறது. ஆனாலும் படி இறங்கிப் போகிறவரின் நடையில் ஒரு துள்ளல்.

கப்பல்காரர் கோட்டைக் கழற்றினார். "நல்லாப் பசிக்குதும்மா. சாப்பிட என்ன இருக்கு?"

"நீங்க பயப்படுறீங்கன்னு தெரியும்" என்றாள் அவள். "தப்பிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவீங்கன்னுதான் தெரியாமப் போச்சு."

அவர் கோட்டை ஆணியில் மாட்டினார். பிறகு, "அடுத்த சீசனுக்கு இப்பவே ஆரம்பிச்சிடணும்" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவில் மிச்சமிருந்ததையும் வேண்டாமென்று, வேலைக்குப் போய்விட்டாள்.

சிரிக்கிறீர்கள். "அப்படியே என் மச்சான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களுக்கும் ஒரு காரியம் இருக்குமே: அனுப்பப்போகும் கதை, எழுதப்போகும் பரீட்சை, திறக்கப்போகும் கடை, இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டு என்று நீங்கள் கண்ணுக்குள் வைத்துக் காப்பது. நாளைக்கே யாராவது வந்து, அதற்கு நாள் கடந்துவிட்டது, இனி வழியில்லை என்று சொன்னால், அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் பிழைத்தீர்கள்.

பசி எடுத்தால் ஜாக்கிரதை.