கைகட்டி மேஸ்திரி வெட்டாத கிணறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. எழுதத் தெரியாமல் எழுதி, ஒரு நல்ல மனிதரைக் கேலிப்பொருளாக்கிவிடுவேனோ என்று பயம். ஆனால் எங்கள் ஊரில் அவர் கதையை ஆளுக்கொரு விதமாகத் திரிக்கிறார்கள். அதனால் முருகன்மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

அரூரிலிருந்து சித்தேரி மலை உச்சி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டே சோறு சம்பாதித்த மனிதர் அவர் ஒருவர்தான். கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் மார்பில் கட்டிய கை இறங்காது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்டுவார். எங்கே கிணறு வெட்டலாம், எதுவரை வெட்டலாம் என்று சொல்வது அவர் தொழில். கடப்பாரையைத் தொடமாட்டார். கைகட்டி மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். சொந்தப் பேர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ.

அது உலகச் சண்டைக் காலம். நான் பஞ்சாயத்து போர்டு ஆபீஸில் பியூன். அந்தக் கோடையில் எங்கள் தெருக் கிணறு வற்றிப்போனது. பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் சுமந்தார்கள். என் மனைவி நிறைமாதம்; அவளும் போனாள்.

போர்டில் புதுக் கிணறு என்று தீர்மானம் ஆயிற்று. மேஸ்திரியிடம் யோசனை கேட்கலாம் என்றார் பிரசிடெண்ட். அவர் புளி மண்டிக்காரர். ஓவர்சியர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சர்க்கார் வேலைன்னா டெண்டர்தானுங்க. அந்தாளும் போடட்டும்."

மேஸ்திரியும் போட்டார். வெட்டுக்கூலி கன அடிக்கு எவ்வளவு என்ற இடத்தில், தான்தான் வெட்டுவதில்லையே என்று, 'ஒன்றுமில்லை' என்று எழுதச் சொல்லிவிட்டார். டெண்டரைப் பிரித்தார்கள். யார் குறைச்சலோ அவருக்கே வேலை என்பது விதி. ஒன்றுமில்லைக்குக் கீழே யார் போக முடியும்? கிணறு வெட்டும் காண்டிராக்ட் கைகட்டி மேஸ்திரிக்கே கிடைத்துவிட்டது!

வேலை ஆரம்பிக்கும் நாளில் அவர் தெருமுனையில் வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

"வெட்டுய்யா" என்றார் ஓவர்சியர்.

"நான் வெட்டறவன் இல்லீங்களே."

"பின்ன எதுக்கு வந்தே?"

"கேட்டா சொல்றதுக்குங்க."

இப்படியே நாள் ஓடியது. ஓவர்சியர் முறைப்பார், மேஸ்திரி நிற்பார், தண்ணீர் வராது. வீட்டுக்குப் போனால் என் மனைவி குடத்தை நங்கென்று வைத்தாள். "ஏனுங்க, உங்க ஆபீசுல ஒண்ணுமில்லைக்கு வேலை குடுத்தீங்களாமே. அதுல எத்தினி குடம் வரும்?"

நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டேன். வேறு எங்கே பார்ப்பது?

கடைசியில் பிரசிடெண்ட் மேஸ்திரியை ஆபீசுக்கு அழைத்தார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "ஏம்ப்பா, நீயே சொல்லி நீயே வெட்டினா என்ன கெட்டுப்போவுது?"

"ஆழம் போவப் போவ கூலி ஏறுமுங்க. வெட்டறவன் இன்னும் போ, இன்னும் போன்னுதான் சொல்லுவான். நிறுத்துன்னு சொல்ல வேற ஒருத்தன் வேணுமில்லீங்களா?"

பிரசிடெண்ட் தலையை ஆட்டினார். புளி விற்பவனையே தரம் பார்க்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

ஓவர்சியர் விடவில்லை. "சர்வேயரும்தான் வெட்டறதில்லை. அப்ப நீயும் அவரும் ஒண்ணா?"

"அவருகிட்ட இன்ன நெலத்தை அளன்னு சொல்றீங்க. அளந்துட்டா முடிஞ்சுது. எங்கிட்ட என்ன பண்ணலாம்னு கேக்கறீங்க. அது வேறதானுங்களே?"

"சரி, என்னதான் பண்ணலாம்?" என்றார் பிரசிடெண்ட்.

இந்தக் கேள்விக்குத்தான் மனிதர் இத்தனை நாள் காத்திருந்தார். "புதுக் கெணறே வேண்டாமுங்க. பழசைத் தூர் வாரி, அடிப் பாறையில கெழக்கால குடைஞ்சாப் போதும்."

பிரசிடெண்ட் முகம் வாடியது. "பழைய கெணத்துல என் பேரை எங்கய்யா பொறிக்கிறது?"

"அதுக்கும் யோசனை வேணுங்களா?" என்றார் மேஸ்திரி, சிரிக்காமல்.

டெண்டர் ரத்தானது. வக்கீலிடம் அபிப்பிராயம் கேட்பதுபோல இவரிடமும் யோசனை மட்டும் கேட்டதாக எழுதிக்கொண்டார்கள். தூர் வார வேறு ஆட்கள் வந்தார்கள். பாறை தட்டியதும், "நேரா கீழ போலாம் மேஸ்திரி" என்றார்கள். "நிறுத்து. கெழக்கால குடை" என்றார் அவர். தண்ணீர் வராவிட்டால் அவர் பிழைப்பு அன்றோடு சரி. எனக்கோ, வீட்டில் வலி எப்போது எடுக்குமோ என்று கவலை. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

பாறை இடுக்கில் முதலில் ஈரம் தெரிந்தது. பிறகு விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்தது. மறுநாள் காலையில் வாளி முங்கியது.

முதல் வாளியை நீங்களே இறையுங்கள் என்று ஊரே மேஸ்திரியைக் கூப்பிட்டது. "எறைக்கறது வேற ஆளு வேலைங்க" என்று அசையாமல் நின்றார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொம்போடு என் மனைவி முன்னால் வந்தாள். "குடிக்கறதாச்சும் உங்க வேலைதானுங்களே?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். மெள்ளக் கட்டிய கையைப் பிரித்து, இரண்டையும் குவித்து நீட்டினார். அந்தக் கைகளை நாங்கள் விரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். தண்ணீர் விழுந்ததும் குனிந்து குடித்தார்.

அவரே வெட்டிய கிணறு என்று இப்போது சொல்கிறார்கள். வாசகர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அவர் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கையில் எங்கள் வீட்டுச் சொம்புத் தண்ணீர் இருக்கிறது.