சங்கு ஊதினால் வாசலுக்கு வருகிறவர்

மனித குலத்தில் ஒரு பிரிவு உண்டு. சூறாவளி வருகிறது, உள்ளே ஓடு என்று நகராட்சிச் சங்கு அலறினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நிதானமாக வெளியே வந்து நிற்கும் பிரிவு. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாசல் வானிலையார். எங்கள் கால்டர் ஸ்பிரிங்ஸின் மக்கள்தொகை இருபத்து மூவாயிரம். அதில் பாதிப் பேர் ஆண்கள். ஆக, எங்கள் ஊரில் பதினோராயிரத்துச் சொச்சம் வானிலை நிபுணர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸில் இது ஒன்றும் அதிகம் இல்லை. பக்கத்து ஊரில் இன்னும் மோசம்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன? எங்கள் வசந்த காலத்தின் லட்சணம் அப்படி. ஏப்ரல் மாதத்தில் ஒரு மனுஷன் காலையில் பல் கிடுகிடுக்கக் கம்பளிக் கோட்டுடன் வண்டியை எடுத்து, பத்து மணிக்குக் கோட்டைக் கழற்றி, பன்னிரண்டு மணிக்குச் சட்டையில் இரண்டு பொத்தானை அவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு ஏசி போதவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்து, நான்கு மணிக்கு ஆலங்கட்டி மழைக்குப் பயந்து வண்டிக்கு மேல் படுக்கை மெத்தையைப் போட்டுக் கட்டி, ஐந்து மணிக்கு வானவில்லைப் பார்த்து வாயைப் பிளந்து, ஆறு மணிக்கு மறுபடியும் அதே கம்பளிக் கோட்டைத் தேடுவான். கோட்டு மெத்தைக்கு அடியில் நனைந்து கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் வானிலையை யாராவது கணிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் எல்லோரும் கணிக்கிறார்கள்.

எதிர்வீட்டு ராய்ஸ் டாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைத் துறையில் முப்பது வருஷம் குழி அடைத்து ஓய்வு பெற்றவர். படித்த பையன் ஒருவன் தொலைக்காட்சியில் வரைபடத்தைக் காட்டி நாளைக்கு மழை என்றால், ராய்ஸ் அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், அந்தப் பையனைப் பெற்றவர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள். ராய்ஸுக்கு வரைபடம் எதற்கு? அவருக்கு மெஸ்கீட் மரம் இருக்கிறது. நம் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. அது துளிர்த்துவிட்டால் பனி முடிந்தது, துளிர்க்காவிட்டால் தக்காளிக் கன்றை வெளியே வைக்காதே என்பது அவருடைய சட்டம். சென்ற வருஷம் மெஸ்கீட் துளிர்த்த மூன்றாம் நாள் பனி கொட்டி ஊர்த் தக்காளி முழுவதும் கருகியது. "மரம் சரியாத்தான் சொல்லிச்சு. பனிதான் தப்பா வந்துடுச்சு" என்றார் ராய்ஸ். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

மழை பெய்த மறுநாள் காலையில் டோனட் கடைக்கு வந்து பாருங்கள். ஒவ்வொருவர் வீட்டு வேலிக் கம்பத்திலும் மழை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு காட்டுகிறது என்பதில்தான் அன்றைய மானமே இருக்கிறது. முதலில் வாயைத் திறப்பவன் தொலைந்தான்.

"உனக்கு எவ்ளோ விழுந்துச்சு, ராய்ஸ்?"

"நீ சொல்லு, டெல்பர்ட்."

"எனக்கு ஒரு இஞ்ச்."

"ஒண்ணுதானா? அடப்பாவமே. எனக்கு ஒண்ணேகால்."

டெல்பர்ட் ராய்ஸுக்கு அடுத்த வீடு. நடுவில் இருப்பது ஒரே ஒரு வேலி. அந்தக் கால் இஞ்ச் மழை வேலியைப் பார்த்து வலது பக்கமாகத் திரும்பியதா என்று கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. ஏனென்றால் கேட்பவனும் நாளைக்குப் பொய் சொல்ல வேண்டியவன்.

இதையெல்லாம் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ராய்ஸின் மகள் டானாவால் சிரிக்க முடியவில்லை. அவள் சிறு வயது வசந்தங்கள் எல்லாம், சூறாவளிக்கு வீட்டிலேயே பத்திரமான இடமான குளியல் தொட்டிக்குள் கழிந்தன. சங்கு ஊதியதும் தாய் நெல்டா அவளையும் நாயையும் தொட்டியில் போட்டு, மேலே மெத்தையைக் கவிழ்த்து, தானும் நுழைந்துகொள்வாள். வீட்டின் தலைவர் வாசலில் நின்று மேகத்தின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அப்பா, உள்ள வாப்பா!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெண்ணுக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. அப்படி ஒரு நாள், பன்னிரண்டு வயதில், தொட்டிக்குள் உட்கார்ந்தபடி நாயின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள்: சங்கு ஊதினால் உள்ளே வருகிறவனைத்தான் கட்டிக்கொள்வேன்.

அப்படி ஒருவனைத் தேடி அவள் வடக்கே, பனி உறையும் மினசோட்டா வரைக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். கர்ட் ஹால்வர்சன் கிடைத்தான். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்குக்குக் காத்திருந்து கடக்கிறவன். இரண்டாவது சந்திப்பில் உணவு விடுதியில் தீ எச்சரிக்கை மணி அடித்தது. கர்ட் வாயில் வைக்கப்போன மீன் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, வரிசையில் நின்று வெளியேறினான். டானா அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள். காதலுக்குக் கண் வேண்டாம், காது இருந்தால் போதும் என்று எனக்குப் பிறகு சொன்னாள்.

கல்யாணம் ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, ராய்ஸ் வீட்டுப் பின்பக்கப் புல்வெளியில். பந்தல் போடலாம் என்றாள் நெல்டா.

"பந்தலா? எதுக்குப் பந்தல்? சனிக்கிழமை ஒரு பொட்டுத் தண்ணி விழாது."

"யோவ், உன் பொண்ணு கல்யாணம்யா. தக்காளி இல்ல."

"நெல்டா, பசு மாடெல்லாம் மேய்ஞ்சுட்டு இருக்கு, பாத்தியா? மழை வர்றதா இருந்தா படுத்துக்கும்."

"அது டெல்பர்ட்டோட மாடு. அதுக்கு என்ன தெரியும்?"

பந்தல் போடவில்லை.

மாப்பிள்ளை கர்ட் புதன்கிழமையே வந்து சேர்ந்தான். வியாழன் காலை ராய்ஸ் அவனை ஒரு காபிக் கோப்பையுடன் வாசலுக்கு அழைத்து வந்தார். நான் என் வாசலில் நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. கர்ட் கைப்பேசியைப் பார்த்துப் பணிவாகச் சொன்னான்: "சார், சனிக்கிழமை மழைக்கு அறுபது சதவீதம்னு போட்டிருக்கு."

"மாப்ளே, அந்தப் போனுக்கு மூக்கு இருக்கா?"

"இல்ல சார்."

"உனக்கு இருக்குல்ல? மோந்து பாரு."

பையன் மோந்து பார்த்தான். பெரியவர் சொல்கிறாரே என்ற மரியாதைதான், வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த நோய் மரியாதையில்தான் ஆரம்பிக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அவன் கைப்பேசி இல்லாமல் வந்தான். அன்று மாலை அவன் இரண்டு கையையும் பின்பக்கப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, குதிகாலில் முன்னும் பின்னும் ஆடியபடி, யாரும் கேட்காமலே "காத்து திரும்பிடுச்சு" என்றான். எனக்குப் பகீர் என்றது. ஓடிப்போய் டானாவிடம் சொல்லியிருக்க வேண்டும், தப்புதான். ஆனால் அந்தச் சமயம் மேற்கே ஒரு மேகம், ஆலங்கட்டியைச் சுமப்பது போல, கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது. அதை யார் பார்ப்பது?

சனிக்கிழமை மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. ராய்ஸ் ஊருக்கெல்லாம் கேட்கும்படி செருமிக்கொண்டு நடமாடினார். மூன்றரைக்கு வெயில் போயிற்று. மூன்றே முக்காலுக்குக் காற்று நின்றது. ஓர் இலைகூட ஆடவில்லை. "என்ன ஒரு அமைதி! நான் சொன்னேன்ல?" என்றார் ராய்ஸ். அவரைச் சுற்றி நின்றிருந்த ஆண்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் மேற்கே பார்த்தார்கள்.

பாஸ்டர் வெண்டல் புத்தகத்தைப் பிரித்து, "கர்ட், இந்த டானாவை..." என்று ஆரம்பித்தார். சங்கு ஊதியது.

மினசோட்டா உறவுக்காரர்கள் நாற்பது பேரும் எழுந்து, அவரவர் நாற்காலியை மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வரிசையாக வீட்டுக்குள் போனார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஊர் ஆண்கள், புகையில் வெந்த மாட்டுக்கறித் தட்டோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்பக்க வாசலுக்குப் போனார்கள். ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இல்லை. நானும் போனேன், எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

உள்ளே நடந்ததை நெல்டா பிறகு சொன்னாள். தொட்டிக்குள் மணப்பெண், மாப்பிள்ளையின் அம்மா, கேக்கின் மேல் அடுக்கு. தொட்டி விளிம்பில் பாஸ்டர். டானா நிம்மதியாகக் கண்ணை மூடி, "கர்ட், என் கையைப் பிடிச்சுக்கோ" என்று கையை நீட்டியிருக்கிறாள். பாஸ்டர் பிடித்துக்கொண்டார். கை சின்னதாக இருந்ததால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கர்ட் எங்க?"

நெல்டா மெத்தையின் தையலைப் பார்த்தாள்.

"அம்மா. கர்ட் எங்க?"

"வந்துடுவான்டி..."

"அப்பாகூடயா?"

இரண்டு கையிலும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். எங்களில் பதினெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தோம். நடுவில் ராய்ஸ். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, முகவாயை உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கியபடி கர்ட். மேற்கே வானம் ரசம் போன கண்ணாடி நிறத்தில் இருந்தது. அதன் அடியிலிருந்து சூறாவளியின் வால் ஒன்று இறங்கலாமா வேண்டாமா என்று தொங்கியது.

"ஒண்ணும் ஆகாது, டானா" என்றான் கர்ட், திரும்பாமலே. "அது வடக்க போயிடும்."

எனக்கே அந்தப் பெண்ணைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. கண் கலங்கி நின்றாள். ஆயிரம் மைல் போய்ச் சலித்து எடுத்த மாப்பிள்ளை, மூன்று நாளில் இப்படிக் கெட்டுப் போனால் யாருக்குத்தான் தாங்கும்?

"உனக்காக நான் மினசோட்டால நாலு குளிர்காலம் நடுங்கியிருக்கேன், கர்ட். எதுக்குத் தெரியுமா? நீ உள்ள வருவேன்னு. மணி அடிச்சா உள்ள வர்ற ஒரே ஆம்பளை நீதான்னு. இப்ப நீ உள்ள வந்தா நமக்குக் கல்யாணம். இல்லைன்னா இவரையே கட்டிக்க!"

இவர் என்று கை காட்டியது அப்பாவை. ராய்ஸ் முதல் தடவையாக வானத்திலிருந்து கண்ணை எடுத்தார். மகளைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "மாப்ளே, உள்ள போப்பா" என்றார். "என் புத்தி உனக்கு வேணாம்."

கர்ட்டுக்கும் உறைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சுக்கோ என்று முனகிக்கொண்டு, வாசற்படி ஏறினான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். டானா வரவில்லை.

அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்திரையைத் தலைக்கு மேல் தள்ளியிருந்தாள்.

"ஏம்ப்பா, வடக்கன்னு எவன் சொன்னான்? வாலு தெக்க திரும்புதே!"

"தெக்கயா? கண்ணத் தொடச்சுட்டுப் பாரும்மா."

"தொடச்சுட்டுத்தான் பாக்கறேன். அந்த ஊர்த் தண்ணி டாங்குக்கு நேரா வெச்சுப் பாரு. நகர்றது தெரியல?"

"அட, ஆமா..."

"டானா, உள்ள வா!" என்று கர்ட் கத்தினான். குளியலறை ஜன்னல் வழியாக நெல்டாவும் கத்தினாள். மணப்பெண் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்: இரு.

ஆலங்கட்டி கொட்டத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் கார் கொட்டகைக்குள் ஓடினோம். அங்கேயே, புல்வெட்டும் இயந்திரத்துக்கும் உறைபெட்டிக்கும் நடுவில் கல்யாணம் நடந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பாஸ்டர் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. மணமக்கள் இருவரும் அவர் பக்கம் முதுகைக் காட்டி, திறந்த கதவு வழியாக வெளியே பார்த்தபடி "சம்மதம்" என்றார்கள். வால் தரையைத் தொடாமலே கலைந்துவிட்டது. அது வடக்கே போய்க் கலைந்ததா தெற்கே போய்க் கலைந்ததா என்பதில் அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்த டெக்சாஸ்காரர்களுக்கு என்ன கிறுக்கு என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். புயல் கரையைக் கடக்கிறது, யாரும் கடற்கரைக்கு வரவேண்டாம் என்று ரேடியோவில் மூன்று நாளாகத் தொண்டை கிழியச் சொன்னபோது, பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் சுண்டல் பொட்டலத்தோடு, "சும்மா அலை எவ்ளோ ஒசரம்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினீர்களே, அது யார்? "அதெல்லாம் ஆந்திராப் பக்கம் போயிடும்" என்று வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அடித்துச் சொன்னது எந்தக் கருவியைப் பார்த்து?

பதில் சொல்ல வேண்டாம். வீட்டிலிருந்து யாரோ உங்களை உள்ளே வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.