டீ குடிக்காத இரண்டு மூப்பர்கள்

லேபர் கேம்ப்பில் டை கட்டிய தமிழனைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை. டை கட்டிக்கொண்டு கேம்ப் வாசலில் வந்து நிற்கிறவன் ஒன்று, விசாவை கேன்சல் செய்து ஆளை ஊருக்கு அனுப்ப வந்திருப்பான். இல்லாவிட்டால், பெட்டிக்குள் வைத்து ஊருக்கு அனுப்பிய ஆளின் துணிமணிகளைக் கட்டி எடுத்துப்போக வந்திருப்பான். வளைகுடாவில் கொஞ்ச காலம் இருந்த எவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாத வெயிலில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் டையுமாக ராஸ் அல் கைமாவுக்குக் கிளம்பினேன். (டை இரவல். புத்தி மட்டும்தான் சொந்தம், அதனால்தான் இவ்வளவும் நடந்தது.)

நாங்கள் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவர்கள். வெளியே எங்களை மோர்மன்காரர்கள் என்பார்கள். கோயம்புத்தூரில் வெளிநாட்டுப் பையன்கள் டை கட்டிக்கொண்டு இரண்டு இரண்டு பேராக ஊழியத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களைப்போல நானும் கண்காணாத தேசத்துக்குப் போய்க் கர்த்தருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் பாதி கேட்கப்பட்டது. ஐடிஐ முடித்த கையோடு ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காக வந்து சேர்ந்தேன்.

இங்கே அடுத்த மதத்தாரிடம் போய் நம் வேதத்தைப் பேசக்கூடாது. அது சட்டம், சபையிலும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நம் சபையாரை நாம் போய்ப் பார்க்கலாம், அவர்களோடு ஜெபிக்கலாம். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தபோது தலைகால் புரியவில்லை. கூடவே ‘மூப்பர்’ என்கிற பெயரும் கிடைத்தது. எங்கள் சபையில் இருபது வயதுப் பையனும் மூப்பர்தான்.

எனக்குத் துணையாகப் போட்டது தயாளனை. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் சபையில் டீ, காப்பி இரண்டும் கூடாது. அவன் பரம்பரையே கிள்ளிக் கொடுத்த இலையை அவன் மட்டும் வாயில் வைக்க முடியாது. அதை ஒரு நாளும் அவன் குறையாகச் சொன்னதில்லை. என்னைவிட நல்ல விசுவாசி.

நாங்கள் பார்க்கப் போனது தங்கராசு அண்ணனை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஈரோட்டில் வேலை பார்த்தபோது எங்கள் சபையில் சேர்ந்தவர். ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளையில் வேலை. ஊரில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். “எப்ப போன் பண்ணாலும் அம்மா தூங்குதுங்கிறாங்க தம்பி. எனக்கு மனசு சரியில்ல. ஒரு தடவ ரூமுக்கு வந்து ஜெபம் பண்ணுங்களேன்” என்று கேட்டிருந்தார். லீவில் போய் முகத்தைப் பார்க்கும்வரை அம்மா இருக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

அவருக்காகவே ஒரு செய்தியைத் தயார் செய்தேன். எங்கள் சபையில் செய்தி என்றால் சின்னப் பிரசங்கம். ‘மரணம்கூடக் குடும்பத்தைப் பிரிக்காது’ என்பது தலைப்பு. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். தயாளன் கைதட்டினான்.

கேம்ப்புக்குப் போனால், அண்ணன் ரூமில் இல்லை. வெள்ளிக்கிழமை லீவு நாளிலும் ஓவர்டைமுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். ரூமில் இருந்தது அவர் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். வயதானவர் முனியாண்டி, வாய் நீளமானவர் கருப்பையா. எங்கள் டையைப் பார்த்ததும் கருப்பையா படுத்திருந்த கட்டிலிலிருந்து எழுந்து லுங்கியை இழுத்துக் கட்டினார்.

“சார் யாரு? ஆபீஸா?”

“இல்லண்ணே. நான் மூப்பர் செல்வின். இவர் மூப்பர் தயாளன்.”

“மூப்பரா? மீசையே ஒழுங்கா மொளைக்கல, அதுக்குள்ள என்னப்பு மூப்பு?”

சிரித்தோம். அதோடு சிரிப்பு முடிந்தது.

“தங்கராசு அண்ணனப் பாக்கணும். அவருக்கு ஒரு செய்தி கொண்டுவந்திருக்கோம்” என்றேன்.

கோயம்புத்தூரில் செய்தி என்றால் ரேடியோவில் வருவது. அறந்தாங்கிப் பக்கம் இரண்டு பேர் வீடு தேடி வந்து ‘சேதி’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம். கருப்பையாவின் முகம் சுருங்கியது.

“என்ன சேதி?”

இந்த இடத்தில்தான் நான் சட்டத்தை மதித்தேன். அவர்கள் இரண்டு பேரும் எங்கள் சபையார் இல்லை. அவர்களிடம் வேதம் பேசக்கூடாது.

“மன்னிச்சிருங்கண்ணே. அத உங்ககிட்ட சொல்லக்கூடாது. அவர்கிட்டதான் சொல்லணும்.”

முனியாண்டி எழுந்து மூலையிலிருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்தார். இரண்டு கிளாஸில் டீ வந்தது.

“குடிங்க தம்பி.”

“வேண்டாங்கய்யா.”

“பால் ஆகாதா? பாலில்லாம சுலைமானி போட்டுத் தர்றேன்.”

“அதுவும் வேண்டாங்கய்யா.”

“தண்ணியாச்சும் குடிங்க. வேர்த்து ஊத்துதே.”

அன்று எங்களுக்கு உபவாச நாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. “தண்ணியும் கூடாதுங்கதானே, இன்னிக்கி” என்றான் தயாளன், மிகவும் பணிவாக.

முனியாண்டி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். அவர்கள் ஊர் வழக்கம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாவுச் சேதி சொல்ல வந்தவன் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். சொட்டுத் தண்ணீரும் வாங்கிக் குடிக்க மாட்டான். டை, சேதி, வெறும் வாய். அந்தக் கிழவருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவர் வெளியே போய் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். “தங்கராச உடனே ரூமுக்கு அனுப்புங்க பாய். ஒண்ணும் கேக்காதீங்க, அனுப்புங்க. ஜல்தி.”

திரும்பி வந்தவர் என் தோளில் கை வைத்தார். “சின்ன வயசுல இந்த வேலையக் குடுத்துட்டாங்களேப்பா ஒங்களுக்கு” என்றார். ஊழியத்தின் மேன்மையைப் புரிந்துகொண்டுதான் சொல்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. (இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.)

தங்கராசு அண்ணன் சூளைத் தூசியோடு ஓடி வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். ரூமில் தொடாமல் ஆறிக்கிடந்த டீயைப் பார்த்தார்.

“அம்மாவா?” என்றார்.

“அண்ணே, அதெல்லாம் இல்ல, நாங்க சும்மா குடும்பத்தப் பத்தி…”

“குடும்பத்துல யாரு?”

நான் திணறுவதைப் பார்த்துத் தயாளன் உதவிக்கு வந்தான். பயத்தில் அவனுக்கு வாயில் வந்தது, என் செய்தியின் தலைப்பு.

“கவலப்படாதீங்க அண்ணே. மரணங்கூடக் குடும்பத்தப் பிரிக்காது.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, சத்தியமாக எங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஜெபம் பண்ணத்தான் வந்தோம், வேண்டுமானால் இப்போதே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசுங்கள் என்று கெஞ்சினேன். கருப்பையாதான் போனை வாங்கி, கார்டு நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். எடுத்தது அண்ணனுடைய தங்கச்சி.

“செல்வி, அம்மா எங்க?” என்றார் அண்ணன்.

அம்மா தூங்குகிறார் என்று அந்தப் பெண் சொல்லிவிட வேண்டும், கர்த்தரே, சொல்லிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே… ஒனக்கு யாருண்ணே சொன்னா?” என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

அம்மா போன மாதமே இறந்துபோயிருந்தார். சொன்னால் பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான், லீவில் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் மறைத்திருந்தார்கள். தங்கச்சி புருஷன் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார்.

அண்ணன் சத்தம் போட்டு அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே தடவிக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்த செய்தியில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

சேதி கேட்டவன் தலை முழுக வேண்டும் என்றார் முனியாண்டி. குளிக்கிற இடத்தில் குழாயைத் திறந்தால், மாடித் தொட்டியில் வெந்த தண்ணீர் உடம்பைப் பொசுக்குகிற மாதிரி வந்தது. ஏசிக்குக் கீழே ஆறவைத்திருந்த பக்கெட்டை எடுத்து வந்து அவரே அண்ணன் தலையில் ஊற்றினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“சேதி கொண்டுவந்த நீங்களும் முழுகணும், தம்பி.”

“ஐயா, எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க!”

“தெரியாமத்தான் டீயத் தொடலயா?” என்றார் கருப்பையா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டையோடு குனிந்தோம். இரவல் டையின் சாயம் சட்டையெல்லாம் இறங்கியது. ரோட்டில் ஏறிய டாக்ஸியில் பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, “பாய், பாரிஷ் கிதர்?” என்றார். மழை எங்கே பெய்தது என்று கேட்கிறார். தயாளன் அப்போதுதான் அழுதான்.

அதன் பிறகு நான் டை கட்டியதில்லை, என் கல்யாணத்துக்குக்கூட. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “எல்லாரும் நல்லா இருக்காங்க, நான் சும்மாதான் வந்தேன், ஜூஸ் ஏதாச்சும் இருந்தா குடுங்க” என்று கூவிவிடுவேன். பிள்ளைகளுக்கு அதில் பெரிய வெட்கம். என் மனைவி ரூபி யார் வீட்டுச் சாப்பாட்டிலும் இந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். அவள் சொல்லும்போது நானும் சிரிக்கத்தான் செய்கிறேன்.

தங்கராசு அண்ணன் இருந்தால் மட்டும் கதையை அவரே எடுத்துக்கொள்வார். அடுத்த லீவுக்கு வர இன்னும் எத்தனையோ மாதம் இருந்ததாம். அதுவரை, இல்லாத அம்மாவின் உடம்புக்காக அவர் ஜெபித்துக்கொண்டே இருந்திருப்பாராம். பெத்தவளுக்கு அது பொறுக்கவில்லையாம்.

“அதான் சேதி சொல்ல எங்கம்மாவே ஆள் அனுப்பிருக்கு” என்பார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். “பாவம், அவசரத்துல அதுக்கு வேற ஆளே கெடைக்கல.”