போனில் இருந்த பதினொரு நர்ஸ்கள்

மதிப்பும் அன்பும் உள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாளை காலை ஆறு மணி வரைக்கும் சுகமாகத்தான் இருப்போம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் வரிகள் கோணலாகப் போகும், மன்னியுங்கள். காகிதத்தில் எழுதக் காரணம், எங்கள் வீட்டுப் போனில் இப்போது பேச முடியாது. மற்ற எல்லாம் முடியும்.

அத்தை, அந்தப் போனில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டேன், இப்போது லினக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஓடுவதும் இதுதான். அதற்குள் இருக்கும் ஏ.ஆர்.எம். சில்லும் போனில் இருப்பதும் ஒரே வகை என்று மிஸ் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. லினக்ஸை யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அப்பா ஒரு சட்டையைத் தைத்துக் கொடுக்கும்போது, அதை வெட்டிய காகித மாதிரியையும் மடித்துக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. போன் ஆமை மாதிரி நகர்கிறது, கொஞ்சம் வேகமாக்கிக் கொடு என்று அப்பாதான் இன்று காலை என்னிடம் விட்டுப் போனார். எப்படி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடி வீட்டு அக்காவின் லேப்டாப்பில் கேபிளைச் செருகினேன். "வீட்ல சொல்லிட்டியாடி?" என்று கேட்டாள். இருமினேன். போன் செத்துப்போன மாதிரி நாலு நிமிடம் கிடந்தது, எனக்கும் மூச்சு இல்லை. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி இறங்கியது பாருங்கள் அத்தை, அக்காவே வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டால் திறக்கிறது. கேமரா வேலை செய்யாது, மணி அடிக்காது, பேசினால் எதிராளிக்குக் கேட்காது. ஆனால் என்ன வேகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் நம்பர்களுக்கு நகல் எடுத்தேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. எடுக்கும்போது பார்த்தால் அதில் பாதிக்கு மேல் குப்பை. 'சிரிக்காத நர்ஸ்' என்று ஒன்று, 3630381522. 'நெட்டை நர்ஸ்' என்று ஒன்று. இரண்டு மூன்றுக்கு அடித்தும் பார்த்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று சொன்னது. சரி, சுத்தம் செய்வோம் என்று நூற்றுப் பதினான்கு நம்பரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு மீதிக்குத்தான் நகல் எடுத்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொல்றாங்க, "அளவு நோட்டை எலி கடிச்சதுலேர்ந்து உங்கப்பா எல்லார் அளவையும் போன்லதான்டி வச்சிருக்காரு. பேருக்கு நேரா மார்பு, இடுப்பு, எல்லாம் வரிசையா." அந்த நம்பரை இரண்டிரண்டாப் பிரிச்சுப் பாத்தேன் அத்தை. முப்பத்தாறு, முப்பது, முப்பத்தெட்டு, பதினைந்து, இருபத்திரண்டு. அது போன் நம்பரே இல்ல, சிரிக்காத நர்ஸே அதுதான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பதினொரு நர்ஸுக்கு யூனிபார்ம் வெட்டணும், திங்கட்கிழமை அவங்க போட்டுக்கணும். துணி வந்து மேஜையில இருக்கு, போடுற ஆளோட அளவுதான் ஒண்ணுகூட இல்ல. பிசகினா ஆஸ்பத்திரி வேலையே அப்பா கையை விட்டுப் போயிடும். அப்பா உங்க ஒருத்தருக்குத்தான் பயப்படுவார். விடியும் முன்னே முதல் பஸ் கண்டக்டர் கையில இதைக் குடுத்துடுறேன். பிரிச்சவுடனே கிளம்பி வந்து, போன் தானாகவே கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவார்.

மாமாவுக்கு என் வணக்கம். குட்டிப்பயலுக்கு என் முத்தம். உங்கள் ஆசீர்வாதம் இன்று கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

போர்வைக்குள்ளிருந்து,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: தண்ணீர் குடிக்க வந்த அப்பா போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். கடிதத்தையும் வாங்கி முழுதாகப் படித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "எல்லாமா போச்சு? ஒண்ணுகூட இல்லியா?" என்றார். இல்லை என்றேன். அப்படியே உட்கார்ந்து, அம்மா எழுந்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "மூணு வருஷமா ஒருத்தியும் டேப் வைக்க விடலடி. 'பழைய அளவே இருக்கட்டும் மாஸ்டர்'ம்பாங்க. தச்சுக் குடுத்தா பட்டன் தெறிச்சுதுன்னு என்னைத் திட்டுவாங்க. இனி பழைய அளவு எங்க இருக்கு?" காலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் டேப்போடு நிற்கப் போகிறாராம். என்னையும் கூட்டிப் போகிறார், அழித்தது நான்தான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். ஆகவே அத்தை, அப்பாவிடம் பேச வர வேண்டாம். பதினொரு நர்ஸ்களிடம் பேச உடனே வாருங்கள். அந்த நூற்றுப் பதினான்கில் உங்கள் அளவும் இருந்ததாம், அதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்கிறார்.