குளிக்காத வீட்டு நுரை

கொல்லைத் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு நுரை பொங்கி நின்றது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததைப் போலப் பதறிப்போனார் நூலகர்.

குளியலறைத் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வரும். ஜல்லிக்கு நடுவே கல்வாழை. வேரிலும் கல்லிலும் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அழுக்கைத் தின்று, தண்ணீரைத் தெளியவைத்துத் தோட்டத்துக்கு அனுப்பும். ஒரு வருஷமாக ஒழுங்காக நடந்த குடும்பம் அது. பத்து நாளாக நுரையும் நாற்றமும்தான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாத்தம் நிக்கலைன்னா, கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் போட்டு மூடிடுவேன்" என்றாள் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

நூலகர் ஷாம்பூவுக்குத் தடை போட்டார். நுரை குறையவில்லை. சோப்புக்கும் தடை போட்டார். நுரை விளிம்பைத் தாண்டியது. புதன்கிழமை இரவு ஒரே போடாகப் போட்டார்:

"இனிமே இந்த வீட்ல யாரும் குளிக்கக் கூடாது! துணியும் தோய்க்கக் கூடாது!"

சனிக்கிழமையும் நுரை வந்தது.

"யாரோ திருட்டுத்தனமா குளிக்கிறீங்க!"

"நானா? காலேஜ் பஸ்ல ரெண்டு சீட்டும் எனக்கே விட்டுடறாங்கப்பா!" என்று மகள் அழாத குறையாகச் சொன்னாள்.

சந்தேகம் மனைவி மேல் பாய்ந்தது. பின்னால் போய்த் தலைமுடியை மோந்து பார்த்தார். அவள் நிரபராதி என்று மூக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஞாயிறு காலை குளியலறையைப் பூட்டி, எதிரே நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொல்லையில் கொளகொளவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குழாயிலிருந்து நுரை சுடச்சுட இறங்கிக்கொண்டிருந்தது! கையில் சாவி. கண்ணெதிரே நுரை. அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

"எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அதைத்தானே ஒரு வருஷமா சொல்றேன்!" என்றாள் மனைவி.

கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டார். நூலகர் கல்வாழையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"தள்ளுங்க சார். எனக்கு வேற வேலை இருக்கு" என்றார் கொத்தனார்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஒட்டினாற்போல் இருந்த வீட்டு அம்மா.

"சார், உங்களைப் பார்த்துத்தான் பத்து நாள் முன்னாடி, உங்க குழாய்க்காரரை வச்சே நாங்களும் ஒரு தொட்டி கட்டினோம். தினம் ரெண்டு தடவை மெஷின்ல துணி போடறோம், ஆனா மூணு நாளா எங்க தொட்டிக்குச் சொட்டுத் தண்ணி வரலையே, ஏன் சார்?"